‘ஒன்றுமில்லை’ என்ற சொல் உதவாதபோது: ஒரு பேனிக் அட்டாக் நிகழ்வு ஆய்வு

பேனிக் அட்டாக், அதாவது உண்மையான ஆபத்து இல்லாமலே திடீரென்று உடலைப் பிடித்துக்கொள்ளும் கடும் பயத்தால் அவதிப்பட்டு, என்னிடம் மனநல ஆலோசனைக்கு வந்த ஒருவரைப் பற்றிய பதிவு இது. எழுத அவர் எழுத்து மூலம் சம்மதம் தந்திருக்கிறார். எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தமும் சொன்னார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்தவற்றின் வரிசையையும், நான் எடுத்த முடிவுகளையும், அவற்றில் தவறாகப் போனவற்றையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

பின்னணி

வயது 36. உயர் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியை. கணவரும் எட்டு வயது மகளும் இருக்கிறார்கள். பொது மருத்துவர் ஒருவர்தான் அனுப்பி வைத்தார். பரிசோதனைகள் எல்லாம் இயல்பாக இருக்கின்றன, ஆனால் பயம் போகவில்லை என்று கடிதத்தில் எழுதியிருந்தார்.

முதல் அட்டாக் ஐந்து மாதத்துக்கு முன் வகுப்பறையில் வந்தது. விடைத்தாள் திருத்தும் வேலையில் ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. விரல் நுனிகள் மரத்துப்போய் சாக்பீஸ் கீழே விழுந்தது. மாணவர்களின் குரல் எங்கோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து வருவது போலிருந்தது. “உயிர் போயிடும்னு நிச்சயமா நினைச்சேன் மேடம்” என்றார். சக ஆசிரியர்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். ஈசிஜி இயல்பாக இருந்தது. இரண்டு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அதன் பிறகு இன்னும் இரண்டு முறை, இரண்டும் நள்ளிரவில், மருத்துவமனைக்கு ஓடியிருக்கிறார். எக்கோ, தைராய்டு, ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிலும் குறை இல்லை. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் இந்தப் பரிசோதனைகள் தேவையானவைதான். அவை முடிந்து வந்ததால் என் வேலையும் எளிதானது.

குடும்ப வரலாறு கேட்டபோது, தந்தை இரண்டு வருடத்துக்கு முன் 61 வயதில் மாரடைப்பால் இறந்தார் என்றார். படிவத்தில் அதற்கான கட்டத்தில் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பிறகு இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

முதல் சந்திப்பில் கவனித்தவை

அவர் கைப்பையில் ஒரு ஆக்சிமீட்டர் இருந்தது. விரலில் கிளிப் போல மாட்டி, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவும் நாடித்துடிப்பும் பார்க்கும் சின்னக் கருவி. பேசிக்கொண்டிருந்த 50 நிமிடத்தில் நான்கு முறை அதை எடுத்து மாட்டினார். பேச்சை நிறுத்தவில்லை. கண் மட்டும் அந்தச் சிவப்பு எண்களுக்குப் போய்த் திரும்பியது. ஆக்சிஜன் ஒவ்வொரு முறையும் 98 அல்லது 99. அதை அவர் பார்க்கவே இல்லை. பார்த்தது நாடித்துடிப்பைத்தான்: 96, 104, 110, 112. பார்க்கப் பார்க்க எண் கூடுகிறது என்பதை அன்று நான் சொல்லவில்லை. குறித்து மட்டும் வைத்துக்கொண்டேன்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை பார்க்கிறார் என்று ஒரு வாரம் எண்ணிவரச் சொன்னேன். மிகக் குறைந்த நாளில் 27 முறை, மிக அதிகமான நாளில் 43 முறை.

மற்றவை பேச்சில் ஒவ்வொன்றாக வந்தன. வகுப்பில் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார். கரும்பலகையில் எழுதுவதை விட்டுவிட்டார், மாணவர்களை எழுத வைக்கிறார். மாடிப்படி ஏறுவதில்லை, ஏறினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பதால். தனியாக எங்கும் போவதில்லை. கணவர் தினமும் பள்ளியில் கொண்டுபோய் விட்டு, வகுப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று இவர் செய்தி அனுப்பும் வரை வாசலிலேயே காத்திருக்கிறார். மகளும் பள்ளி விட்டு வந்ததும் முதல் கேள்வியாக, “அம்மா, இன்னிக்கு ஆக்சிஜன் பாத்தியா?” என்று கேட்கிறாளாம். இதைச் சொல்லும்போதுதான் அவர் முதல்முறையாக அழுதார்.

ஜிஏடி-7 என்ற பதற்ற அளவுகோலில் 16 மதிப்பெண் வந்தது. ஏழு கேள்விகள், மொத்தம் 21. 15 அல்லது அதற்கு மேல் வந்தால் கடுமையான பதற்றம் என்று கணக்கு. மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 கேள்விகளில் 9 வந்தது, அதாவது லேசான அளவு. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றிய கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்றார். எழுத்தில் வந்த பதிலோடு விடாமல் நேரிலும் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னேன். பேனிக் டிஸார்டர்தான், அதாவது அட்டாக் திரும்பத் திரும்ப வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற பயமும் சேர்ந்துகொள்ளும் நிலைதான் என்று அவர் உறுதி செய்தார். மருந்து ஆரம்பிக்கலாம், அல்லது முதலில் ஆலோசனை மட்டும் முயன்று ஆறு வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்று இரண்டு வழியையும் விளக்கினார். இவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். தூக்கமும் வேலையும் முழுக்கக் கெட்டுப்போகாத நிலையில் அது சரியான தேர்வாகவே எனக்கும் பட்டது. பேனிக் டிஸார்டருக்கான அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கு (எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) மொத்தம் 7 முதல் 14 மணி நேரம் என்று, மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011 வழிகாட்டுதலில் சொல்கிறது. அதை வைத்து 12 அமர்வுகள் என்று பேசிக்கொண்டோம்.

முதல் முடிவு: விளக்கமும் மூச்சுப் பயிற்சியும்

இரண்டாவது அமர்வில் ஒரு தாளில் வட்டம் வரைந்தேன். உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-இல் முன்வைத்த விளக்கம் அது. உடலில் ஏதோ ஒரு சாதாரண மாற்றம் வருகிறது, ஒரு துடிப்பு கூடுகிறது. ‘இது ஆபத்து’ என்று மனம் படித்துக்கொள்கிறது. பயம் வருகிறது. பயத்தால் துடிப்பு இன்னும் கூடுகிறது. ‘பார்த்தாயா, ஆபத்துதான்’ என்று மனம் உறுதி செய்துகொள்கிறது. இந்தச் சுற்று சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும், பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கும்.

விரல் ஏன் மரத்துப்போகிறது என்று கேட்டார். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் கொஞ்சம் சுருங்கித் தலை சுற்றுகிறது, விரல்களில் ஊசி குத்துவது போலாகிறது. ஆக்சிஜன் குறைவதால் வருவதில்லை. அதனால்தான் ஆக்சிமீட்டர் எப்போதும் 98 காட்டுகிறது. இதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. கணக்கு டீச்சர் அல்லவா, காரணம் விளங்கினால் பாதி நிம்மதி.

அன்றே மெதுவாக மூச்சு விடும் பயிற்சியையும் சொல்லிக்கொடுத்தேன். “படபடப்பு வந்தால் இதைச் செய்யுங்க” என்றேன். எல்லோருக்கும் வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பதுதான். இவர் விஷயத்தில் அது தவறாகப் போனது.

இரண்டு வாரம் நன்றாகவே இருந்தது. ஆக்சிமீட்டர் பார்ப்பது ஒரு நாளைக்கு 15 முறைக்குக் குறைந்தது. நான்காவது அமர்வில் ஜிஏடி-7 மதிப்பெண் 12. எனக்கும் திருப்தி. அந்த வாரமே பெற்றோர் கூட்டத்தில் மீண்டும் அட்டாக் வந்தது. உடனே மூச்சுப் பயிற்சியை ஆரம்பித்திருக்கிறார். துடிப்பு அடங்கவில்லை. இன்னும் வேகமாகச் செய்திருக்கிறார், இன்னும் மோசமானது. எழுந்து வெளியே ஓடிவிட்டார்.

மறுநாள் போனில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நீங்க சொன்ன மாதிரி மூச்சு விட்டும் நிக்கல மேடம். அப்போ இது பயம் இல்ல, இதயம்தான்.”

வட்டத்தை உடைக்க நான் கொடுத்த பயிற்சி வட்டத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. ஆக்சிமீட்டர், கதவோரம், கணவரின் காவல் என்ற வரிசையில் நான்காவதாக மூச்சுப் பயிற்சியையும் சேர்த்தது நான்தான். ஆபத்தே இல்லாத ஒன்றைத் தடுக்க ஒரு ஆயுதம் கொடுத்தால், ஆபத்து உண்மை என்றுதான் மனம் எடுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. அவர் கஷ்டத்தைப் பார்த்துச் சீக்கிரம் ஏதாவது நிவாரணம் கொடுத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் செய்துவிட்டேன்.

ஐந்தாவது அமர்வு

எந்தத் திட்டமும் இல்லாமல்தான் உட்கார்ந்தேன். மருத்துவமனையில் என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்று மறுபடி கேட்டேன். மூன்று முறையும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள் என்றார். “‘ஒண்ணுமில்லம்மா, வீட்டுக்குப் போங்க’ன்னு.”

“அதைக் கேட்டப்போ உங்களுக்கு எப்படி இருந்தது?”

ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “எங்க அப்பாவும் அதேதான் சொன்னார்” என்றார்.

தந்தை இறந்த அன்று இரவு போனில் பேசியிருக்கிறார். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று அம்மா சொன்னதால், என்னப்பா என்று கேட்டிருக்கிறார். “ஒண்ணுமில்லம்மா, வாயு பிடிச்சிருக்கு. நீ தூங்கு.” இவரும் நம்பித் தூங்கிவிட்டார். விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த வார்த்தையை ஒரு முறை நம்பி, வாழ்நாளெல்லாம் வருந்தும்படி ஆகிவிட்டது. அப்படிப்பட்டவரிடம் மருத்துவர், கணவர், நான் எல்லோரும் மாற்றி மாற்றி அதே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். நாங்கள் ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லச் சொல்ல அவர் விழிப்பு கூடியிருக்கிறது. 43 முறை ஆக்சிமீட்டர் பார்த்ததும் அதனால்தான்: இந்த முறை தூங்கிவிடக் கூடாது.

முதல் நாள் படிவத்தில் ஒரு வரியில் நான் எழுதி மூடிய விஷயம் இது. அன்றே “அந்த நாள் எப்படி நடந்தது?” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான்கு வாரம் மிச்சமாகியிருக்கும்.

திட்டத்தை மாற்றியது

இனி சமாதானம் சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். அவருக்கு வேண்டியது யாருடைய வாக்கும் அல்ல, தானே சோதித்துப் பார்த்து அறிவது. உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைத்து, அவற்றோடு இருந்து பார்க்கும் பயிற்சி பேனிக் சிகிச்சையில் நன்கு நிலைபெற்ற ஒன்று. ஆரம்பிக்கும் முன் அவருடைய பொது மருத்துவரிடம் பேசி, இதயத்துக்கு இதனால் பிரச்சினை இல்லை என்று எழுதி வாங்கினேன்.

அதோடு இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். எந்த அறிகுறி வந்தால் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று மருத்துவர் கைப்பட எழுதிய ஒரு சிறு பட்டியல். நெஞ்சை அழுத்துவது போன்ற வலி கைக்கோ தாடைக்கோ பரவினால், உழைக்கும்போது வந்து ஓய்வெடுத்தும் விடாமல் இருந்தால் என்று அதில் இருந்தது. தந்தைக்கு இதய நோய் இருந்த ஒருவரிடம் ‘இனி நெஞ்சு வலியைக் கண்டுகொள்ளாதே’ என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அந்தத் தாள் கையில் வந்ததும் அவர் தளர்ந்து சாய்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். ‘ஒன்றுமில்லை’ தராத நிம்மதியை ‘இது வந்தால் வா’ என்ற வார்த்தை தந்தது.

ஆறாவது அமர்வில் முதல் சோதனை. ஒரு நிமிடம் வேகமாக, ஆழமாக மூச்சு வாங்க வேண்டும். முதலில் என்ன நடக்கும் என்று எழுதச் சொன்னேன். “மயங்கி விழுவேன். 80 சதவீதம்” என்று எழுதினார். நானும் கூடவே செய்கிறேன் என்று எதிரில் உட்கார்ந்தேன். 20 நொடியில் அவர் கை நாற்காலியைப் பிடித்தது. 40 நொடியில் “விரல் மரத்துப்போகுது” என்றார். “எனக்கும்தான்” என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்த உணர்வு இன்னொருவருக்கும் வரும் என்பதே அவருக்குப் புதிது. நிமிடம் முடிந்தது. மூச்சைச் சரிசெய்ய முயலாமல், ஆக்சிமீட்டரைத் தொடாமல் அப்படியே இருக்கச் சொன்னேன். மூன்று நிமிடத்தில் மரப்பு தானாகப் போனது.

தாளில் எழுதினார்: “தலை சுத்துச்சு. விழல.”

ஏன் விழவில்லை என்பதை அதற்குப் பிறகுதான் பேசினோம். மயக்கம் பெரும்பாலும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது வருவது. பயத்தில் அழுத்தம் ஏறுகிறது. இதை முன்பே சொல்லியிருந்தால் அதுவும் இன்னொரு சமாதானமாகவே போயிருக்கும். அன்று மேலும் மூன்று முறை செய்தோம். நான்காவது முறை அவர் எழுதியது 20 சதவீதம். அப்புறம் படியேற்றம். ஆலோசனை அறை இருந்த கட்டடத்தில் இரண்டு மாடி, நான் கீழேயே நின்றேன், அவர் மட்டும் ஏறி இறங்கினார்.

ஏழாவது அமர்வுக்குக் கணவரும் வந்தார். ஒன்றரை மணி நேரம் பேசினோம். அவர் செய்த எதுவும் தவறில்லை, அன்பினால் செய்தது. ஆனால் ‘நீ தனியாகச் சமாளிக்க முடியாதவள்’ என்று அந்தக் காவல் தினமும் சொல்லிக்கொண்டிருந்தது. இதைச் சொன்னதும் கோபம் வந்தது. “அவ துடிக்கிறப்ப என்னைச் சும்மா நிக்கச் சொல்றீங்களா?” என்றார். நியாயமான கேள்வி. சும்மா நிற்க வேண்டாம், வேறு மாதிரி நிற்கலாம் என்றேன். ‘ஒண்ணும் ஆகாது’ என்பதற்குப் பதில் என்ன சொல்லலாம் என்று மூவரும் யோசித்தோம். வார்த்தையை அவர் மனைவியே சொன்னார்: “‘கஷ்டமாத்தான் இருக்கும், முடிச்சிட்டு வா’ன்னு சொல்லுங்க, போதும்.” பள்ளி வாசலில் காத்திருப்பது முதல் வாரம் ஐந்து நிமிடமானது, அடுத்த வாரம் இல்லை.

ஆக்சிமீட்டரையும் அப்படியே படிப்படியாக விட்டார். பள்ளிக்குக் கொண்டுபோவதில்லை, பிறகு படுக்கையறையில் வைப்பதில்லை, பிறகு அலமாரியில். ஒன்பதாவது வாரம் மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது வெளியே எடுத்தார். மகளுக்குப் பார்த்த பிறகு தன் விரலிலும் ஆறு முறை மாட்டினார். அதை மறைக்காமல் வந்து சொன்னதை முன்னேற்றமாகவே எடுத்துக்கொண்டேன்.

எட்டு, ஒன்பதாவது அமர்வுகள் தந்தைக்கானவை. இவற்றைப் பற்றி அதிகம் எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். அன்று இரவு போனில் கேட்டிருக்க வேண்டியதை ஒரு கடிதமாக எழுதினார், வாசித்தார், அழுதார் என்பதோடு விடுகிறேன்.

விளைவு

எட்டாவது வாரம் மனநல மருத்துவர் மறுபடி பார்த்துவிட்டு, இப்போதைக்கு மருந்து வேண்டாம் என்றார். இதை மருந்துக்கு எதிரான சான்றாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. தூங்க முடியாமல், வீட்டை விட்டே வெளிவர முடியாமல் வருபவர்களுக்கு மருந்து கொஞ்சம் பிடிமானம் தந்த பிறகே இந்தப் பயிற்சிகளைச் செய்ய முடிந்ததையும் பார்த்திருக்கிறேன்.

பத்தாவது அமர்வுக்கு முந்தைய வாரம் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார். வகுப்புக்கு முதுகைக் காட்டி, கதவிலிருந்து தள்ளி, முழுக் கணக்கையும் போட்டு முடித்தார். பாதியில் படபடப்பு வந்திருக்கிறது. நிறுத்தவில்லை. “கை நடுங்கி எழுத்து கோணலாப் போச்சு மேடம், ஆனா விடை சரி” என்றார்.

கடைசி மூன்று அமர்வுகளை இரண்டு வார இடைவெளியில் வைத்தோம். 15 வாரத்தில் 12 அமர்வுகள் முடிந்தபோது ஜிஏடி-7 மதிப்பெண் 5. மூன்று மாதம் கழித்து 4. ஆறு மாதத்தில் மீண்டும் பேசியபோது, இடையில் ஒரே ஒரு முழு அட்டாக் வந்ததாகச் சொன்னார். ஆசிரியர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போது வந்ததாம். எழுந்து போகவில்லை. மூச்சுப் பயிற்சியும் செய்யவில்லை. கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார், எட்டு நிமிடம். கூட்டம் முடிந்து மற்றவர்களோடு நடந்து போயிருக்கிறார்.

பதற்றமே இல்லாமல் ஆகிவிடவில்லை. தேர்வு சமயத்தில் தூக்கம் இன்னும் கெடுகிறது. வருடத்துக்கு ஒரு முறை இதயப் பரிசோதனை செய்துகொள்வது என்று மருத்துவரோடு பேசி வைத்திருக்கிறார். பயம் வந்தபோதெல்லாம் ஓடாமல், நாள் குறித்து ஒரு முறை.

இனி மாற்றிச் செய்வது

குடும்ப வரலாற்றில் மரணம் என்று வந்தால், நோயின் பெயரோடு நிறுத்தாமல் அந்த நாள் எப்படி நடந்தது, அப்போது இவர் எங்கே இருந்தார், கடைசியாக யார் என்ன சொன்னார்கள் என்று கேட்கிறேன். முதல் அமர்வில் சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்துவதில்லை. ஆனால் கேட்காமல் விடுவதில்லை.

மூச்சுப் பயிற்சியை நான் கைவிடவில்லை. பொதுவான இறுக்கத்துக்கு, தூங்கப் போகும் முன் அது நல்லதுதான். பேனிக் அட்டாக் வரும் நேரத்தில் அதை நிறுத்தும் கருவியாக மட்டும் இனி கொடுப்பதில்லை. பயிற்சியைக் கற்றுக்கொண்டவர்களிடம், “இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று அடுத்த வாரமே கேட்கிறேன். ‘ஏதாவது ஆகிவிடும்’ என்று பதில் வந்தால் அன்றே நிறுத்தச் சொல்கிறேன்.

குடும்பத்தாரை ஏழாவது அமர்வு வரை காத்திருக்க வைத்ததும் தாமதம்தான். இப்போது மூன்றாவது அமர்வுக்குள், வருபவர் சம்மதித்தால், வீட்டில் ஒருவரையாவது கூப்பிட்டுப் பேசுகிறேன். எந்த அறிகுறிக்கு மருத்துவமனை போக வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தரும் பட்டியலை முதல் வாரத்திலேயே கேட்டு வாங்கிவிடுகிறேன். சமீபத்தில் வந்த ஒருவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடிக்கடி எடுத்துப் படிப்பதாகச் சொன்னார். அவரோடு அந்தப் பழக்கத்தைப் பற்றித்தான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.